சமூகப் பொறுப்பு அறிக்கை: ஒரு வரலாறு

சமூகப் பொறுப்பு அறிக்கை என்பது ஒரு நிறுவனம் தன் இலாப நட்டக் கணக்குக்கு அப்பால், தொழிலாளர், சுற்றுவட்டார மக்கள், நீர், காற்று, நிலம் ஆகியவற்றின் மீது தன் தொழில் ஏற்படுத்தும் விளைவுகளைப் பற்றி வெளியிடும் ஆவணம். சுற்றுச்சூழல் அறிக்கை, நிலைத்தன்மை அறிக்கை, இஎஸ்ஜி அறிக்கை என்று காலத்துக்கேற்ப இதன் பெயர் மாறி வந்துள்ளது. இந்தியாவில் பேச்சுவழக்கில் இவை எல்லாமே ‘சிஎஸ்ஆர்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. அது சிறிய குழப்பம் அல்ல.

வழவழப்பான தாளில், மரக்கன்று நடும் குழந்தைகளின் படங்களுடன் வரும் இன்றைய அறிக்கைகளைப் பார்ப்பவர்களுக்கு இவை விளம்பரத் துறையில் பிறந்தவை என்று தோன்றக்கூடும். உண்மையில் இவற்றின் வளர்ச்சியில் பெரும்பாலான கட்டங்களுக்குப் பின்னால் ஒரு விபத்தோ கிளர்ச்சியோ இருக்கிறது. அறிக்கையை எழுதுவது யார், அதைச் சரிபார்ப்பது யார் என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளைப் பொறுத்தே அவற்றின் மதிப்பு கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது.

தொடக்கம்

தொழில்முனைவோரின் சமூகப் பொறுப்பு குறித்து அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவன் 1953இல் ஒரு நூல் எழுதினார். இத்துறையின் முதல் நூலாகப் பலரும் அதைக் குறிப்பிடுகின்றனர். 1970 செப்டம்பரில் இன்னொரு பொருளியலாளரான மில்டன் ஃபிரீட்மன் நேர் எதிரான கருத்தை நியூயார்க் டைம்ஸ் இதழில் முன்வைத்தார். சட்ட வரம்புக்குள் இலாபத்தைப் பெருக்குவதே தொழிலின் ஒரே சமூகப் பொறுப்பு என்பது அவர் வாதம்.

அதே 1970இல் இந்தியாவில் டாடா இரும்பு எஃகு நிறுவனம் தன் நடைமுறை விதிகளைத் திருத்தியது. நுகர்வோர், ஊழியர், பங்குதாரர், சமூகம், உள்ளூர் மக்கள் ஆகியோருக்கு நிறுவனம் கடமைப்பட்டுள்ளது என்ற பிரிவு அதில் சேர்க்கப்பட்டது. இதற்கு முந்தைய ஆண்டு ஜே.ஆர்.டி. டாடா சென்னையில் ஆற்றிய உரையில், கிராமப்புறங்களில் அமையும் தொழிற்சாலைகள் அக்கம்பக்கத்துக் கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விதியில் எழுதிவிட்டால் போதுமா, நடக்கிறதா என்று யார் பார்ப்பது என்ற கேள்வி அடுத்து வந்தது. 1979இல் நிறுவனம் ஒரு சமூகத் தணிக்கைக் குழுவை அமைத்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி எஸ்.பி. கோட்வால் அதன் தலைவர். அரசியல் அறிஞர் ரஜனி கோத்தாரி, மக்களவை உறுப்பினராக இருந்த கல்வியாளர் பி.ஜி. மாவ்லங்கர் ஆகியோர் உறுப்பினர்கள். 1970ஆம் ஆண்டின் பிரிவில் சொன்னதை நிறுவனம் எந்த அளவுக்குச் செய்திருக்கிறது என்பதே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட கேள்வி. குழு 1980இல் தன் அறிக்கையை அளித்தது. இந்தியாவில் ஒரு நிறுவனம் நடத்திய முதல் சமூகத் தணிக்கை இதுவே என்று கருதப்படுகிறது.

மூவரில் ஒருவரும் நிறுவனத்தின் ஊழியர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். குழுவை அமைத்தது நிறுவனம்தான், ஆனால் மதிப்பிட்டு எழுதியவர்கள் வெளியாட்கள். பிற்காலத்து அறிக்கைகளில் இந்த முறை தலைகீழானது. நிறுவனமே எழுதியது, வெளியாள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டார்.

ஏறக்குறைய இதே காலத்தில் பிரான்ஸ் சட்ட வழியைத் தேர்ந்தது. 1977 ஜூலையில் இயற்றிய சட்டம், ஊதியம், பணிப் பாதுகாப்பு, பயிற்சி முதலிய விவரங்களைக் கொண்ட ‘சமூக இருப்புநிலை அறிக்கை’யை ஆண்டுதோறும் தயாரிக்கப் பெரிய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. அது தொழிலாளர் பிரதிநிதிகளின் முன் வைக்கப்பட வேண்டும்.

அமெரிக்காவில் அதே ஆண்டு நிறவெறிக்கு எதிரான போராட்டத்திலிருந்து வேறொரு முயற்சி தோன்றியது. ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழுவில் இருந்த கறுப்பினப் போதகர் லியோன் சல்லிவன், தென்னாப்பிரிக்காவில் இயங்கும் அமெரிக்க நிறுவனங்களுக்கு ஆறு கொள்கைகளை வகுத்தார். சம வேலைக்குச் சம ஊதியம், உணவகத்திலும் கழிப்பறையிலும் நிறப்பிரிவினை இல்லாமை போன்றவை அவை. கையொப்பமிட்ட நிறுவனங்கள் ஆண்டுதோறும் விவரம் அனுப்பின, ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனம் அவற்றுக்குத் தரம் பிரித்தது. பத்து ஆண்டுகள் இது நடந்தது. உணவகங்கள் பொதுவாயின, அறிக்கைகளும் ஒழுங்காக வந்தன, நிறவெறி அரசு மட்டும் அப்படியே இருந்தது. 1987இல் சல்லிவன் தன் திட்டத்தைத் தானே கைவிட்டு, நிறுவனங்கள் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற வேண்டும் என்றார். தான் தொடங்கிய அறிக்கை முறை போதவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்கள் இந்த வரலாற்றில் மிகக் குறைவு.

போபாலும் தெரிந்துகொள்ளும் உரிமையும்

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் போபாலின் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் வாயு கசிந்தது. மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த இறப்பு எண்ணிக்கை 3,787, பிற மதிப்பீடுகள் இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆலைச் சுவரை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்கு உள்ளே என்ன வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியாது. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்வது போன்ற எளிய அறிவுரைகூட அவர்களை அடையவில்லை.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் இதே நிறுவனத்துக்கு, இதே வேதிப்பொருளைத் தயாரிக்கும் ஆலை இருந்தது. 1985 ஆகஸ்டில் அங்கும் ஒரு நச்சு வாயுக் கசிவு ஏற்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் சென்றனர். ‘எங்கள் ஊர் ஆலையில் என்ன இருக்கிறது’ என்ற கேள்வி அமெரிக்கா முழுவதும் எழுந்தது. 1986 அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 300க்கும் மேற்பட்ட நச்சுப்பொருட்களில் ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு எவ்வளவு காற்றிலும் நீரிலும் மண்ணிலும் விடுகிறது என்பதை ஒவ்வொரு ஆலையும் அரசிடம் தெரிவிக்க வேண்டும். அரசு அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ‘நச்சு வெளியேற்றப் பட்டியல்’ எனப்படும் அந்தத் தொகுப்பின் முதல் விவரங்கள் 1987ஆம் ஆண்டுக்கு உரியவை.

அந்தச் சட்டம் எந்த ஆலையையும் புகையைக் குறைக்கச் சொல்லவில்லை, எண்ணைச் சொல் என்று மட்டுமே சொன்னது. 1988 ஜூலை 1ஆம் தேதி விவரம் தர வேண்டிய கடைசி நாள். அதற்கு முந்தைய நாள் மான்சான்டோ நிறுவனத்தின் தலைவர் ரிச்சர்ட் மஹோனி, உலகெங்கும் உள்ள தங்கள் ஆலைகளிலிருந்து காற்றில் கலக்கும் நச்சுப்பொருட்களை 1992 முடிவுக்குள் 90 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தார். எண் வெளியாகும் முன்பே வாக்குறுதி வந்துவிட்டது. ஆலைவாரியாக, பொருள்வாரியாக, ஒரே அளவுகோலில் அமைந்த அந்த விவரங்களை உள்ளூர் செய்தியாளர் ஒருவர் இரண்டு ஆலைகளை எதிரெதிரே வைத்து ஒப்பிட முடிந்தது. சமூகப் பொறுப்பு அறிக்கை என்ற வகையில் இந்தப் பட்டியலை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் அழகிய முன்னுரையும் படமும் இல்லாத இந்த அரசுப் பட்டியல் செய்ததை, பின்னால் வந்த பல தடித்த அறிக்கைகள் செய்யவில்லை.

போபாலில் தொடங்கிய கோரிக்கையின் பலன் முதலில் அமெரிக்க ஊர்களுக்குக் கிடைத்தது.

அலாஸ்காவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. அதே ஆண்டு, முதலீட்டு ஆலோசகரான ஜோன் பவேரியாவின் முன்னெடுப்பில், முதலீட்டாளர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்து செரீஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கினர். அது வெளியிட்ட பத்து அம்சங்களுக்கு முதலில் வால்டீஸ் கொள்கைகள் என்றே பெயர். ஆண்டுதோறும் தன்மதிப்பீடு செய்து அதைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்பது பத்தாவது அம்சம். பெரிய நிறுவனங்கள் எளிதில் கையெழுத்திடவில்லை. 1993இல் சன் என்ற எண்ணெய் நிறுவனம் முதலில் முன்வந்தது, அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் சேர்ந்தது.

ஐரோப்பாவில் திருப்புமுனை ஷெல் நிறுவனத்தால் வந்தது. 1995இல் வட கடலில் பயன்பாட்டிலிருந்து நீக்கிய பிரென்ட் ஸ்பார் என்ற எண்ணெய்க் கிடங்கு மிதவையை ஆழ்கடலில் மூழ்கடிக்க ஷெல் திட்டமிட்டது. கிரீன்பீஸ் அமைப்பினர் அதன்மீது ஏறி அமர்ந்தனர், ஜெர்மனியில் வாடிக்கையாளர்கள் ஷெல் பெட்ரோல் நிலையங்களைப் புறக்கணித்தனர், ஜூனில் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. மிதவையில் எஞ்சிய எண்ணெயின் அளவைத் தாங்கள் மிகைப்படுத்திவிட்டதாக கிரீன்பீஸ் பின்னர் மன்னிப்புக் கேட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 10 அன்று நைஜீரியாவில் ஓகோனி மக்களின் தலைவரும் எழுத்தாளருமான கென் சாரோ விவாவும் எட்டுப் பேரும் ராணுவ அரசால் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் போராடியது நைஜர் கழிமுகத்தில் எண்ணெய்த் தொழில் விளைவித்த அழிவுக்கு எதிராக, அங்கு முதன்மை நிறுவனம் ஷெல்.

1998இல் ஷெல் வெளியிட்ட அறிக்கை, இலாபத்துக்கும் கொள்கைக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டிருந்தது. தன்னைப் பற்றிய குறைகளை அறிக்கையிலேயே பேசியது, வாசகர்கள் கருத்தை எழுதி அனுப்ப அஞ்சலட்டைகளை உள்ளே வைத்தது. பொருளாதாரம், சூழல், சமூகம் ஆகிய மூன்றுக்கும் கணக்கு வைக்க வேண்டும் என்று ஜான் எல்கிங்டன் 1994 முதல் சொல்லிவந்த கருத்து அதில் உருப்பெற்றது. மற்ற நிறுவனங்கள் பல ஆண்டுகள் அதை முன்மாதிரியாகக் கொண்டன. ஆனால் 2004 ஜனவரியில் அதே ஷெல், தன்னிடம் இருப்பதாகக் கணக்கில் காட்டிய எண்ணெய் வளத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தது. சமூக அறிக்கையை நம்ப முடியாது, நிதிக் கணக்குதான் உறுதியானது என்று வாதிட்டவர்களுக்கு அது சங்கடமான நேரம்.

நிறுவனத்துக்கு ஒரு பாணியில் அறிக்கை வந்தால் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. இந்தக் குறையைத் தீர்க்க 1997இல் பாஸ்டன் நகரில் செரீஸும் டெல்லஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து தொடங்கியதே ஜிஆர்ஐ எனப்படும் உலகளாவிய அறிக்கையிடல் முன்முயற்சி. ராபர்ட் மாஸி, ஆலன் ஒயிட் ஆகிய இருவர் இதன் மூலவர்கள், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் துணைநின்றது. நிதிக் கணக்குக்குப் பொது விதிகள் இருப்பதுபோல் இதற்கும் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். வரைவு 1999இலும் முதல் வழிகாட்டி 2000இலும் வந்தன. 2002இல் தலைமையகம் ஆம்ஸ்டர்டாமுக்கு மாறியது. 2016இல் வழிகாட்டிகள் தரநிலைகளாக மாற்றப்பட்டன. உலகில் மிகப் பரவலாகப் பின்பற்றப்படும் சட்டகம் இதுவே.

ஜிஆர்ஐ தந்த பொதுமொழி பெரிய சாதனை. கூடவே ஒரு தொழிலும் வளர்ந்தது. படிவத்தை நிரப்ப ஆலோசகர், சான்றளிக்கத் தணிக்கையாளர், தரவரிசைக்கு ஒரு நிறுவனம், விருதுக்கு இன்னொன்று என்று.

காகிதம் பேசியதும் பேசாததும்

என்ரான் நிறுவனம் 2000ஆம் ஆண்டுக்கு ஒரு சமூகப் பொறுப்பு அறிக்கை வெளியிட்டது, 2001 டிசம்பரில் திவாலானது. ஃபோக்ஸ்வாகன் 2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீட்டில் வாகனத் துறையின் முதலிடத்தைப் பெற்றது. சில நாட்களிலேயே அதன் டீசல் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருப்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது, அக்டோபரில் குறியீட்டிலிருந்து அது நீக்கப்பட்டது.

இவற்றைவிடக் கனமானது கராச்சி. 2012 செப்டம்பர் 11 அன்று அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தனர். சன்னல்களில் கம்பிகள், அடைத்த வெளிவாயில்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த ஆலைக்குப் பன்னாட்டுப் பணியிடத் தரச்சான்று வழங்கப்பட்டிருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர். அதில் இயங்கிய சில ஆலைகளும் சமூகத் தணிக்கைக்கு உட்பட்டவை. தணிக்கையாளர் ஊதியத்தையும் வேலை நேரத்தையும் பார்த்தார், கட்டடம் நிற்குமா என்பது அவர் படிவத்தில் இல்லை. தணிக்கையின் முடிவுகளோ, தணிக்கைக்குப் பணம் கொடுத்தவருக்கு மட்டுமே உரியவை.

ராணா பிளாசாவுக்குப் பின் 2013 மே மாதம் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் செய்துகொண்ட வங்கதேச உடன்படிக்கை வேறு வகையானது. சட்டப்படி கட்டுப்படுத்துவது. தனிப் பொறியாளர்கள் ஆய்வு செய்து, ஒவ்வோர் ஆலையிலும் கண்ட குறைகளை ஆலையின் பெயருடன் பொதுவில் வெளியிட்டனர். 1980இன் ஜாம்ஷெட்பூர் குழுவும் 1987இன் நச்சுப் பட்டியலும் வெவ்வேறு வழியில் எட்டிய இடம் இதுதான். எழுதுபவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்தார், எழுதியதை யாரும் படிக்கலாம்.

இந்தியாவில் இரண்டு பாதைகள்

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர இலாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டும் நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பள்ளிக் கட்டடம், கழிப்பறை, மருத்துவ முகாம், குளம் தூர்வாருதல் ஆகியவற்றின் மீது நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் பெருகியது இதனால்தான்.

தொடக்கத்தில் சொன்ன குழப்பம் இங்கேதான் இருக்கிறது. வழக்கமான தொழில் நடவடிக்கையின் பகுதியாகச் செய்பவற்றை இந்தச் செலவில் சேர்க்கக் கூடாது என்று விதிகள் சொல்கின்றன. ஆகவே தன் ஆலையின் கழிவுநீரைச் சுத்திகரிப்பது சிஎஸ்ஆர் ஆகாது, பக்கத்து ஊருக்குக் குடிநீர்த் தொட்டி கட்டினால் சிஎஸ்ஆர். இந்த வரையறையில் நியாயம் உண்டு. கடமையைச் செய்துவிட்டு அதைக் கொடையாகக் கணக்கெழுதுவதை இது தடுக்கிறது. ஆனால் இதன் விளைவாக சிஎஸ்ஆர் அறிக்கை கொடையின் கணக்காகவே இருக்கிறது. இலாபம் எப்படிச் செலவானது என்பதைத்தான் அது சொல்லும். இலாபம் எப்படி ஈட்டப்பட்டது என்பதை அதில் தேடிப் பயனில்லை.

இரண்டாவதைக் கேட்பது வேறொரு பாதை. 2011இல் கம்பெனி விவகார அமைச்சகம் ஒன்பது கொள்கைகள் கொண்ட தன்னார்வ வழிகாட்டியை வெளியிட்டது. 2012இல் செபி முதல் 100 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு வணிகப் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாக்கியது, எண்ணிக்கை பின்னர் 500, 1,000 என்று உயர்ந்தது. பழைய படிவத்தில் பெரும்பாலும் ‘கொள்கை உள்ளதா? ஆம் / இல்லை’ என்ற வகைக் கேள்விகள். எல்லோரும் ‘ஆம்’ என்றனர். 2021 மே மாதம் செபி அதை மாற்றி பிஆர்எஸ்ஆர் என்ற புதிய படிவத்தைக் கொண்டுவந்தது, 2022-23 முதல் அது முதல் 1,000 நிறுவனங்களுக்குக் கட்டாயம். எடுத்த நீர் எவ்வளவு, எரித்த எரிபொருள் எவ்வளவு, ஆண் பெண் ஊழியரின் இடைநிலை ஊதியம் என்ன, வேலையில் இறந்தவர் எத்தனை பேர் என்று அது எண் கேட்கிறது. நிரந்தரத் தொழிலாளரையும் நிரந்தரமல்லாதோரையும் தனித்தனி வரிசையில் காட்டச் சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பெருகிவிட்ட நாட்டில் அந்த ஒரு வரிசைக்கே தனி மதிப்பு உண்டு. 2023 ஜூலையில் செபி, முக்கியமான சில எண்களை வெளியார் சரிபார்த்து உறுதிச்சான்று தர வேண்டும் என்றது. முதல் 150 நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிவதாகத் திட்டம்.

யாருக்காக என்ற கேள்வி

அண்மைக்காலச் சர்ச்சை, எது சொல்லத் தகுந்த முக்கியமான விவரம் என்பதைப் பற்றியது. ஒரு தோல் பதனிடும் ஆலை ஆற்றில் கழிவை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் அபராதம் விழுந்து பங்கு விலை இறங்குமானால் முதலீட்டாளருக்கு அது முக்கியம். அபராதமே விழாமல் கிணறுகள் மட்டும் கெட்டுப்போனால்? 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டின்போது அறிவிக்கப்பட்ட ஐஎஸ்எஸ்பி என்ற பன்னாட்டு வாரியம் 2023 ஜூனில் வெளியிட்ட தரநிலைகள் முதலீட்டாளரின் தேவையை முன்வைப்பவை. ஜிஆர்ஐ கிணற்றையும் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஏற்ற சட்டம் இரண்டையும் கேட்டது, ஆனால் 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையமே அதன் வீச்சைப் பெரிதும் சுருக்கும் முன்மொழிவைக் கொண்டுவந்தது.

இந்தியாவிலும் ஏறக்குறைய அதே மாதங்களில் தளர்வுகள் வந்தன. உறுதிச்சான்றுக்குப் பதிலாக மதிப்பீடு போதும் என்ற தெரிவை 2025 மார்ச்சில் செபி அளித்தது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் வழங்குவோரைப் பற்றிச் சொல்ல வேண்டிய விவரங்களும் தன்னார்வமாக்கப்பட்டன. திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களில் பெரும்பாலானவை பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாதவை. பிஆர்எஸ்ஆர் படிவம் அவற்றை நேரடியாகத் தொடாது. பட்டியலிட்ட ஒரு நிறுவனத்தின் வழங்குநர் என்ற முறையில்தான் அங்குள்ள ஒரு தையல் தொழிலாளியின் விவரம் அந்த அறிக்கைக்குள் வர முடியும். இப்போது அது அந்த நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.